வேளாண் மன்றமும் தேசிய இணைவும்: பாலக்காடு, இடுக்கி எல்லையிலிருந்து ஒரு முன்வரலாறு

சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம் வட்டத்திலும் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளில் வேளாண்மை பட்டப்பாடமாக இருப்பதில்லை. ஆனால் அங்குப் பயிலும் மாணவர் பலரின் வீட்டுத்தொழில் அதுவே. கொழிஞ்சாம்பாறையின் தென்னையும் நெல்லும், முதலமடையின் மா, மறையூரின் கரும்பு, வட்டவடையின் பூண்டு ஆகியவை பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பவை. ஆகவே இத்தகைய கல்லூரியில் தோன்றும் வேளாண் மன்றம் ஆர்வத்தால் மட்டுமே உயிர் தரித்திருக்கும். அதைத் தொடங்கிய ஆசிரியர் மாறுதலாகிச் சென்றாலோ, முன்னின்ற மாணவர் பட்டம் பெற்று வெளியேறினாலோ மன்றம் கலைந்துவிடும். தேசிய அமைப்பொன்றின் கிளையாக அதனைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற எண்ணம் இந்த நிலையற்ற தன்மையிலிருந்தே பிறக்கிறது. பெயரும் நிதியும் சான்றிதழும் தொடர்ச்சியும் இணைவினால் கிடைக்கும். அதற்கு ஈடாக எது கொடுக்கப்படுகிறது என்பதற்கு விடை தேடுவோர் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பாலக்காட்டுக்கு மிக அருகிலிருந்த வேளாண் மாணவர் அமைப்பு கணவாய்க்குக் கிழக்கே, கோயம்புத்தூரில் இருந்தது. சைதாப்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-இல் கோவைக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்தது. 1911-இல் அக்கல்லூரியின் மாணவர்கள் ‘சென்னை வேளாண் மாணவர் சங்கம்’ என்ற அமைப்பை நிறுவினர். 1913 முதல் அச்சங்கம் தனக்கென ஓர் இதழை வெளியிட்டது. பின்னாளில் ‘மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்’ என அறியப்பட்ட ஆய்விதழ் அதுவே. அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவைப் பெற்றது 1920-இல்தான். அதாவது, கல்லூரி மேலிடமொன்றுடன் இணைக்கப்படுவதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன்பே அதன் மாணவர் சங்கம் தன் காலில் நின்றுகொண்டிருந்தது.

அச்சங்கம் நிலைத்ததற்குக் காரணம் மேலே ஒரு தலைமையகம் இருந்தது அன்று. பட்டயம் பெற்று வெளியேறி மாகாணத்தின் பண்ணைகளிலும் வேளாண் துறை அலுவலகங்களிலும் பணியேற்ற முன்னாள் மாணவர்கள் உறுப்பினர்களாகத் தொடர்ந்தனர். களத்தில் கண்டதை எழுதி அனுப்பினர். ஆண்டுதோறும் கல்லூரி நாளையும் மாநாட்டையும் ஒட்டி அவர்கள் கூடினர். தொடர்ச்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு குறையையும் உடன் சொல்ல வேண்டும்: அவ்விதழின் மொழி ஆங்கிலம். உழவரிடமிருந்து பெறப்பட்ட செய்தி உழவர் படிக்க இயலாத மொழியில் சேமிக்கப்பட்டது.

இன்றைய பாலக்காடு மாவட்டம் அக்காலத்தில் ஒரே அரசின்கீழ் இருந்ததில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பாலக்காடு வட்டம் மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. ஆகவே கோவைக் கல்லூரி பாலக்காட்டு மாணவனுக்குத் தன் மாகாணத்துக் கல்லூரி. சில மைல் தொலைவில் வாழ்ந்த சித்தூர் மாணவனுக்கு அயல் அரசின் கல்லூரி. 1927-இல் பட்டாம்பியில் சென்னை மாகாண அரசு நெல் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தபோதும் இதே கோடு குறுக்கே கிடந்தது.

பட்டாம்பி நிலையம் செய்த பணி, இணைவு என்ற செயலுக்கே ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அந்நிலையம் வட்டாரத்து நெல்வகைகளைத் திரட்டித் தூய வரிசைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘பி.டி.பி.’ என்ற முன்னெழுத்தும் எண்ணும் அளித்தது. ஆரியன் பி.டி.பி. 1 ஆயிற்று. பொன்னாரியன் பி.டி.பி. 2, தெக்கஞ்சீரா பி.டி.பி. 10 ஆயின. அரிக்கிராய் என்ற பெயருடைய நெல் பி.டி.பி. 33 என்ற எண்ணைத் தாங்கிப் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை அடைந்தது. புகையான் பூச்சியை எதிர்க்கும் திறனுக்காக உலகெங்கும் நெல் கலப்பினப் பணியில் அது பயன்பட்டது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரிதும் வழங்குவது அந்த எண்தான். வட்டாரப் பெயர் அடைப்புக்குறிக்குள் எப்போதாவது தலைகாட்டும். எண் இல்லாதிருந்தால் அந்த நெல் லாஸ் பானோசுக்குச் சென்றிருக்காது என்பதும் உண்மையே. இணைவின் பயனும் இழப்பும் ஒரே செயலின் இரு விளைவுகளாக இங்குக் காணக்கிடக்கின்றன.

இரண்டாவது எடுத்துக்காட்டு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1916-இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலரானார்; அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். நகரத்து இளைஞர் அமைப்பாக அறியப்பட்ட ஒய்.எம்.சி.ஏ.வைக் கிராமத்தை நோக்கித் திருப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1920-களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலியவற்றுக்கு அங்கே இளையோர் குழுக்கள் அமைந்தன. முட்டை விற்பனைக்குக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தேனீ வளர்ப்போர் இன்றும் ‘மார்த்தாண்டம் பெட்டி’ என ஒரு தேன்பெட்டி வகையைக் குறிப்பிடுகின்றனர்.

இது முழு இணைவுக்குச் சான்று: ஊர்க் குழு, தேசிய அமைப்பு, உலக அமைப்பு என மூன்று படிகள் இருந்தன. ஆயினும் மேற்படியிலிருந்து இறங்கி வந்தவை பணமும் பயிற்சியும் வழிமுறையும் மட்டுமே. எதை வளர்ப்பது, எங்கே விற்பது என்பன ஊரிலேயே முடிவாயின. ஊர் மக்கள் பேசிய மொழியிலேயே வேலை நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே திருவிதாங்கூரின் தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. ஒரே அரசின்கீழ் இருந்த இரு தமிழ் வேளாண் பகுதிகள் அன்று முதல் இரு வேறு நிர்வாக மொழிகளின் கீழ் வந்தன.

மாணவர் வேளாண் அமைப்பைத் தேசிய அளவில் படிநிலையாகக் கட்டியமைத்த நாடு அமெரிக்கா. 1917-இல் நிறைவேறிய ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளின் வேளாண் தொழிற்கல்விக்கு மத்திய நிதியை வழங்கியது. வர்ஜீனியாவில் 1926-இல் தோன்றிய மாணவர் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, 1928 நவம்பரில் கான்சஸ் நகரில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 33 மாணவர்கள் கூடி ‘அமெரிக்காவின் வருங்கால உழவர்’ அமைப்பை நிறுவினர். எஃப்.எஃப்.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். பள்ளிக் கிளை, மாநிலச் சங்கம், தேசிய அமைப்பு என்ற மூன்றடுக்கு அதன் கட்டமைப்பு. கிளையாக விரும்பும் பள்ளியில் வேளாண் வகுப்பு நடக்க வேண்டும். அதன் விதிகள் தேசிய விதிகளோடு முரண்படக் கூடாது. உறுப்பினர் கட்டணத்தின் ஒரு பங்கு மேலே செல்ல வேண்டும். 1950-இல் நாடாளுமன்றமே அதற்குச் சாசனம் வழங்கியது. கல்லூரி மன்றங்களும் அதன் குடையின்கீழ் வந்தன. பின்னாளில் பிற நாடுகள் பின்பற்றிய முன்மாதிரி இதுவே.

இந்த வெற்றிக் கதையின் மறுபக்கம் எல்லைப்புறத் தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. தென்மாநிலங்களில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட பள்ளிகளில் பயின்ற கறுப்பின மாணவர்களுக்கு எஃப்.எஃப்.ஏ.வில் இடமில்லை. அவர்கள் தமக்கென 1935-இல் டஸ்கீகியில் ‘அமெரிக்காவின் புதிய உழவர்’ என்ற தேசிய அமைப்பை நிறுவினர். எஃப்.எஃப்.ஏ. சின்னத்தில் சோளக்கதிரின் வெட்டுமுகம் இருந்த இடத்தில் இவர்களது சின்னத்தில் பருத்திக்காய் இருந்தது. தமக்கான அலுவலர்கள், மாநாடுகள், பேச்சுப் போட்டிகள், பரிசுகள் அனைத்தும் அவ்வமைப்பில் இருந்தன. 1964-இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் இரண்டு அமைப்புகள் நீடிக்க இயலவில்லை. 1965-இல் ‘புதிய உழவர்’ எஃப்.எஃப்.ஏ.வுடன் இணைந்தது. அப்போது அதன் உறுப்பினர் எண்ணிக்கை 50,000-க்கும் மேல்.

பிரிவினை ஒழிந்தது நியாயமே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இணைவு சமமான இரண்டின் கூட்டாக அமையவில்லை. பெயர், சின்னம், சீருடை, அலுவலர் பொறுப்புகள் ஆகியவற்றில் எஃப்.எஃப்.ஏ.வினுடையவையே நிலைத்தன. பருத்திக்காய் மறைந்தது. கறுப்பின மாணவர் ஒருவர் தேசியத் தலைவராக 1994 வரை, அதாவது 29 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கோரி ஃப்ளூர்னாய். சிறிய அமைப்பு பெரியதுடன் சேரும்போது சேர்க்கை உடனே நிகழ்ந்துவிடுகிறது. பங்கு கிடைப்பதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. (பெண்கள் அவ்வமைப்பில் முழு உறுப்பினராக ஏற்கப்பட்டதும் 1969-இல்தான்.)

இந்தியாவில் எஃப்.எஃப்.ஏ.வுக்கு நேரிணையான அமைப்பு உருவாகவில்லை. மத்திய வேளாண் அமைச்சராக இருந்த பஞ்சாப்ராவ் தேஷ்முக் 1955-இல் பாரத் கிருஷக் சமாஜை நிறுவினார். 1959 டிசம்பரில் தில்லியில் தொடங்கிய உலக வேளாண் கண்காட்சியை நடத்தியதும் அவ்வமைப்பே. எனினும் அது உழவர் அமைப்பு, கல்லூரிகளில் வேரூன்றியதன்று. கல்லூரி மாணவர்களைத் தேசிய அளவில் கிராமத்துடன் பிணைத்த ஏற்பாடு வேறொரு வழியில் வந்தது. ராதாகிருஷ்ணன் ஆணையம் மாணவர் சமூகப்பணியைத் தன்னார்வ அடிப்படையில் பரிந்துரைத்தது. சி. டி. தேஷ்முக் குழு, கே. ஜி. சையிதைன் ஆய்வு, கோத்தாரி ஆணையம் எனப் பல படிகளைக் கடந்து, 1969 செப்டம்பர் 24 அன்று கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர் 40,000. (கேரளத்தில் ‘என்.எஸ்.எஸ்.’ என்றால் எந்த என்.எஸ்.எஸ். என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாயர் சேவைச் சங்கத்துக்கும் அதே சுருக்கம்.)

ஆகவே இன்று சித்தூரிலோ மூணாறிலோ உள்ள கல்லூரி மன்றம் ஒன்று ‘தேசிய அமைப்பு’ என்று நோக்கினால், நடைமுறையில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்டமே. அதன் கட்டமைப்பு தெளிவானது: கல்லூரி அலகு, பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர், மாநிலப் பிரிவு, மண்டல இயக்ககம், அமைச்சகம். பாலக்காட்டுக்குக் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகமும் இடுக்கிக்கு மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் வாயில்கள். தன்னார்வலர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணிநேரம் வீதம் இரண்டாண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமில் பங்கேற்க வேண்டும். நீண்டகாலம் மத்திய, மாநில அரசுகள் 7:5 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்தன. மேலிருந்து நிதி வருமிடத்தில் கருப்பொருளும் மேலிருந்தே வரும். பஞ்சத்தை எதிர்க்கும் இளைஞர், கிராமப் புனரமைப்புக்கு இளைஞர் என்று சிறப்பு முகாம்களுக்குத் தேசியத் தலைப்புகள் அமைந்தன.

அத்தலைப்புகள் தவறானவை அல்ல. ஆனால் சித்தூரின் கேள்வி தேசியத் தலைப்புகளுக்குள் அடங்குவதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு வர வேண்டும். சித்தூரின் நெல் வயல் பருவத்துக்குப் பருவம் அந்த எண்ணைப் பார்த்தே வாழ்கிறது. அங்கே ஒரு வேளாண் மன்றம் செய்யக்கூடிய முதற்பணி வாய்க்கால் கடைமடைக்கு நீர் எந்தத் தேதியில் வந்தது என்று ஆண்டுதோறும் எழுதிவைப்பதாக இருக்கலாம். ‘சேவை மணிநேரம்’ என்ற கட்டத்துக்குள் அதனை அடக்கி எழுத இயலும்தான். ஆனால் மேலே செல்வது மணிநேரம் மட்டுமே. தேதி அலகின் கோப்பிலேயே தங்கிவிடும்.

மொழியின் நிலை இதனினும் சிக்கலானது. நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிய அதே 1969-இல் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுபான்மை மொழிப் பகுதிகளில் வாழும் தமிழரும் கன்னடரும் அரசுத் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தம் பகுதி அலுவலகங்களுடனும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள அதன் 3ஆம் பிரிவு இடமளிக்கிறது. பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும். எனவே கல்லூரி மன்றமொன்று கிருஷி பவனுக்குத் தமிழில் எழுதுவது சலுகை கோருவதாகாது. சட்டம் அளித்ததைக் கையாள்வதே. ஆனால் தேசிய இணைவு செல்லும் பாதை பல்கலைக்கழகத்தின் வழியாக மத்திய அமைச்சகத்தை நோக்கியது. அங்குப் படிவமும் அறிக்கையும் ஆங்கிலத்தில் அமைகின்றன. கீழ்நோக்கிய கடிதத்துக்குத் தமிழ், மேல்நோக்கிய அறிக்கைக்கு ஆங்கிலம், நடுவில் மலையாளம் என்ற மும்மொழி நிலை இங்கு எழுகிறது.

அந்த நிலையில் நேரும் பிழைகள் வெறும் எழுத்துப் பிழைகளாக இருப்பதில்லை. ஒரு சொல் போதும்: தமிழில் ‘புஞ்சை’ என்றால் வானம் பார்த்த நிலம், நஞ்சைக்கு எதிர். மலையாளத்தில் ‘புஞ்ச’ என்றால் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி நீருள்ள வயலில் விளையும் கோடை நெற்பயிர். விரிப்பு, முண்டகன், புஞ்ச என்ற மூன்று பருவங்களில் மூன்றாவது அது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெரியவர் ‘எங்களுது புஞ்சைங்க’ என்று சொல்வதை மலையாளத்தில் ‘புஞ்ச’ என்று குறித்து, அதிலிருந்து ஆங்கிலத்தில் கோடை நெல் என்று பெயர்த்தால், வறண்ட காடு தண்ணீர் நிறைந்த வயலாகிவிடும். பயிர்க்கணக்கெடுப்பு நடத்தும் மன்றம் அறியாமலேயே இத்தகைய பொய்யொன்றைத் தேசியக் கோப்பில் சேர்த்துவிட முடியும்.

வட்டவடையின் பூண்டு இன்னொரு சான்று. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைத்தொடரின் மறுசரிவில் விளையும் பூண்டு 2023-இல் ‘காந்தல்லூர் வட்டவடை வெளுத்துள்ளி’ என்ற பெயரில் தனிக் குறியீடு பெற்றது. இரண்டும் தமிழ் பேசும் மலைக்கிராமங்களின் பயிர். வட்டவடை உழவர் நெடுங்காலம் தம் விளைச்சலைத் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்று வந்தனர். அங்கே அது பூண்டாக எடை போடப்பட்டது. பதிவேட்டில் வெளுத்துள்ளியாக எழுதப்பட்டது. குறியீட்டினால் உழவருக்குப் பாதுகாப்பும் பெயரும் கிடைத்தன. அதனைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் ஊரார் தம் பயிரை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதைப் பதிவுசெய்யும் பொறுப்பு குறியீட்டுப் பதிவகத்தினுடையதன்று. அது எவருடைய பொறுப்பு என்றால், அவ்வூர் மாணவர் பயிலும் கல்லூரியினுடையது எனலாம்.

இந்த வரலாறுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, இணைவை ஏற்பதா மறுப்பதா என்ற வினா அத்துணை முதன்மையானதாகத் தோன்றவில்லை. கோவை மாணவர் சங்கம் இணைவின்றி நிலைத்தது. ஆனால் அதன் பின்னே வேளாண் துறையில் பணியேற்ற ஒரு தொழில்சமூகமே இருந்தது. கலைக்கல்லூரி மன்றத்துக்கு அது இல்லை. மார்த்தாண்டம் முழுமையாக இணைந்தும் தன் முடிவுகளைத் தானே எடுத்தது. ‘புதிய உழவர்’ அமைப்பு தன் சின்னத்தைக் காக்கும் விதியொன்றையும் இணைப்பு ஒப்பந்தத்தில் பெறாமல் கரைந்தது. எதை மேலே அனுப்புவது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்பது இணைவுக்கு முன்பே எழுதப்பட்டதா என்பதில்தான் இவற்றிடையே வேறுபாடு.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் விதிகளில் இதற்குத் தடை ஏதுமில்லை. அலகு தன் பணித்திட்டத்தை வட்டாரத் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். கிராமங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பணியாற்றலாம். ஆகவே கல்லூரி மன்றமொன்று அலகின் பகுதியாகப் பதிவாகும் அதே கூட்டத்தில், தன் களக்குறிப்பேடு தமிழில் எழுதப்படும், அது கல்லூரி நூலகத்தின் உடைமையாக இருக்கும், பயிர், பருவம், கருவி ஆகியவற்றின் பெயர்கள் சொன்னவர் சொன்னவாறே எழுதப்படும், மொழிபெயர்ப்பு தனிப் பத்தியில் வரும் என்ற தீர்மானத்தையும் நிறைவேற்றலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அங்குள்ள முதுகலை மாணவர் ஒருவருக்கு அக்குறிப்பேடே வட்டாரச் சொல்லகராதியின் தொடக்கமாகலாம். அது மூன்றாண்டுகள் நின்றால் நீர் வந்த தேதிகளின் வரிசையொன்று கிடைக்கும். பத்தாண்டுகள் நின்றால் 7.25 என்ற எண்ணுடன் அதனை வைத்துப் பார்க்கலாம்.